மூளைத்தண்டு அடைத்தால் என்னென்ன நடக்கும், தெரியுமா?

முகத்தின் வலப்பக்கத்தில் ஐஸ் கட்டியை வைத்தாலும் குளிர் தெரியாது. அதே ஆளின் இடது காலில் சுடுதண்ணி பட்டாலும் சூடு தெரியாது. முகத்துக்கு வலம், உடம்புக்கு இடம்! இப்படியும் ஒரு பாரிசவாதம் இருக்கிறது, தெரியுமா? கை விழவில்லை, கால் விழவில்லை, வாய் கோணவில்லை. ஆனால் தலை கிறுகிறுவென்று சுற்றுகிறது, குரல் கம்மிப்போகிறது, மீனாணமும் சோறும் தொண்டைக்குள் இறங்க மறுக்கின்றன, விக்கல் பிடித்தால் நாள்கணக்கில் விடுவதில்லை. கல்முனையில் எந்த வீட்டிலும் இதைக் கண்டால் "பித்தம் ஏறிட்டு, தேசிக்காய்த் தண்ணி குடுங்க" என்றுதான் முதலில் சொல்வார்கள்.

1895இல் அடோல்ஃப் வாலன்பேர்க் என்ற ஜேர்மன் வைத்தியர் இப்படி ஒரு நோயாளியைப் பார்த்தார். ஸ்கான் என்ற பேச்சே இல்லாத காலம். எது மரத்திருக்கிறது, எது மரக்கவில்லை என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, மூளைத்தண்டின் அடிப்பாகத்தில் இன்ன இடத்தில் இரத்தக்குழாய் அடைப்பு என்று அவர் சொல்லிவிட்டார். 1901இல் வெளியான பிரேத பரிசோதனை முடிவு, அவர் சொன்ன இடம் சரிதான் என்று காட்டியது. எப்படி முடிந்தது? உடம்பிலிருந்து வரும் சூடு, வலி பற்றிய சேதிகள் முண்ணாணுக்குள்ளேயே பக்கம் மாறிவிடுகின்றன. முகத்திலிருந்து வருபவை பக்கம் மாறாமல் கொஞ்சத்தூரம் கீழே இறங்கி வருகின்றன. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இடம் ஒன்று உண்டு. அங்கே அடைப்பு வந்தால் ஒரு பக்க முகமும் மறுபக்க உடம்பும் ஒரே நேரத்தில் செத்துப்போகின்றன. வலமும் இடமும் இப்படி மாறி மாறிப் பாதிக்கப்பட்டிருந்தால், மூளைத்தண்டின் மேல்தான் வைத்தியர்களின் முதல் சந்தேகம்.

மூளைத்தண்டு எவ்வளவு பெரியது, தெரியுமா? ஏறத்தாழப் பெருவிரல் பருமன்தான்! பள்ளிக்கூடத்தில் படித்த நடுமூளை, வரோலியின் பாலம், நீள்வளைய மையவிழையம் மூன்றும் சேர்ந்ததே அது. 12 சோடி மண்டையோட்டு நரம்புகளில் 10 சோடி இங்கிருந்துதான் புறப்படுகின்றன. மூச்சு, இதயத் துடிப்பு, விழுங்குதல், விழித்திருத்தல் எல்லாவற்றுக்கும் கட்டுப்பாட்டு அறை இதுவே. மூளையின் கட்டளை கைகாலுக்கு இறங்குவதும் கைகாலின் சேதி மூளைக்கு ஏறுவதும் இதன் வழியாகத்தான். மாற்றுப் பாதை கிடையாது. கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகிறவர்களுக்குக் கல்லாற்றுப் பாலங்கள் எப்படியோ அப்படி. பாலம் உடைந்தால் கல்முனையும் அப்படியே இருக்கும், மட்டக்களப்பும் அப்படியே இருக்கும். பஸ் மட்டும் ஓடாது.

இன்னொரு விந்தை. உடம்பில் இரத்தக்குழாய்கள் மரக்கிளை பிரிவதுபோல ஒன்று இரண்டாக, இரண்டு நாலாகப் பிரிந்துகொண்டே போவதுதான் வழக்கம். மூளைத்தண்டின் முன்னால் இது தலைகீழ்! கழுத்தெலும்புத் துவாரங்களுக்குள்ளால் ஏறி வரும் இரண்டு நாடிகள் ஒன்றுசேர்ந்து ஒரே நாடியாகின்றன. பெயர் பேசிலார் நாடி, அகலம் மூன்று நாலு மில்லிமீற்றர். மூளைத்தண்டின் பெரும்பகுதிக்கு இரத்தம் கொடுப்பது இதுவே. ஏன் இப்படிப் படைக்கப்பட்டிருக்கிறது என்பதை இறைவனிடம்தான் கேட்க வேண்டும்.

இந்தத் தண்டுக்குள் ஓடும் இழைகளின் எண்ணிக்கையைக் கேட்டால் தலை சுற்றும். மூளையத்திலிருந்து கைகாலை அசைக்கக் கட்டளை கொண்டுபோகும் பாதையில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 10 இலட்சம் இழைகள். இதில் 80 தொடக்கம் 90 சதவீதம் நீள்வளைய மையவிழையத்தில் மறுபக்கம் தாண்டிவிடுகின்றன. வலமூளை இடக்கையை ஆட்டுவது இதனால்தான். ஆனால் இது சின்னப் பாதை! பெரிய பாதை, மூளையத்திலிருந்து வரோலியின் பாலத்துக்கு வந்து, அங்கே கைமாறி, எதிர்ப்பக்க மூளிக்கு, அதாவது சிறுமூளைக்கு, போவது. அதில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 2 கோடி இழைகள் என்று கணக்கிடுகிறார்கள். கைகாலுக்குப் போகும் பேச்சைவிட, மூளையின் பகுதிகள் தங்களுக்குள் பேசும் பேச்சு இருபது மடங்கு! மூளைத்தண்டுப் பாரிசவாதம் என்றால் கைகால் விழுவது என்று மட்டும் நினைப்பவர்களுக்குத் தெரியாத சங்கதி இது. அங்கே அறுவது பெரும்பாலும் மூளைக்கும் மூளைக்கும் இடையிலான பேச்சு.

அறுந்தால்? பாலத்தின் வலப்பக்கத்தில் ஒரு சின்ன அடைப்பு. பல சென்ரிமீற்றருக்கு அப்பால் பின்மண்டையில் இருக்கும் மூளியின் இடப்பாதிக்கு ஒரு காயமும் இல்லை, அதன் இரத்தக்குழாய்கள் எல்லாம் திறந்தே இருக்கின்றன. ஆனாலும் விசேட ஸ்கானில் பார்த்தால் அந்தப் பாதி மங்கிப்போயிருக்கும்! சக்தி எரிவது குறைந்திருக்கும், இரத்த ஓட்டம் குறைந்திருக்கும். சேதி வரவில்லை, அதனால் வேலையில்லை. அடிபட்டது ஓரிடம், அடங்கிப்போனது வேறிடம். இப்படி நடக்கும் என்று கொன்ஸ்டன்ரின் ஃபொன் மொனாகோ என்ற சுவிஸ் அறிஞர் 1914இலேயே எழுதிவிட்டார். அதைக் கண்ணால் பார்க்கும் கருவி வர அறுபது வருடத்துக்கு மேல் ஆனது.

இதைவிட வினோதம் ஒன்று இருக்கிறது, தெரியுமா? தொடர்பு அறுந்த பகுதி சுருங்கும், வாடும். அதுதான் நரம்பு உலகத்தின் வழமை. நீள்வளைய மையவிழையத்துக்குள் ஒலிவ் விதை வடிவில் ஒரு நரம்புக்கூட்டம் உண்டு. மேலே பாலத்தில் அடைப்பு வந்து அதற்கு வரும் ஒரு பாதை அறுந்தால், கிழமைகள், மாதங்கள் கழித்து அது சுருங்காமல் வீங்குகிறது! ஆள் தேறி வீட்டுக்குப் போய், நடக்கவும் தொடங்கிய பிறகு, மேலண்ணம் தானாகத் துடிக்க ஆரம்பிக்கிறது. நிமிடத்துக்கு 60 தொடக்கம் 180 தரம் வரை. நித்திரையிலும் பலருக்கு நிற்பதில்லை. வாயைத் திறந்து ரோச் அடித்துப் பார்த்தால் உள்நாக்கு ஏறி இறங்குவது தெரியும். ஆளுக்கே சிலவேளை தெரியாது. மூளியில் ஒன்று, நடுமூளையில் ஒன்று, நீள்வளைய மையவிழையத்தில் ஒன்று என்று மூன்று நிலையங்கள் முக்கோணமாய்ப் பேசிக்கொள்கின்றன, அந்த முக்கோணத்தில் ஒரு கோடு அறுந்தால் இந்தக் கூத்து என்று கியோமும் மொலாரேயும் 1931இல் விளக்கினார்கள்.

சும்மா படுத்திருக்கும்போது மூளை என்ன செய்கிறது? 1995இல் பரத் பிஸ்வால் என்ற இந்திய வம்சாவளி ஆராய்ச்சியாளர் அமெரிக்காவில் ஒரு வேலை செய்தார். எம்.ஆர்.ஐ. கருவிக்குள் ஆட்களைப் படுக்கவைத்து, "ஒன்றும் செய்யாதீர்கள்" என்றார். இடக்கையை ஆட்டும் பகுதியும் வலக்கையை ஆட்டும் பகுதியும், கை அசையாதபோதும், ஒரே தாளத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன! மூளையின் பகுதிகள் எந்நேரமும் ஒன்றுக்கொன்று குரல் கொடுத்தபடிதான் இருக்கின்றன என்று அன்று தெரிந்தது. மூளைத்தண்டில் அடைப்பு வந்தவர்களை இதே முறையில் பார்த்தபோது அந்தத் தாளம் குலைந்திருந்தது. இத்தனைக்கும் அந்த இரண்டு பகுதிகளும் பேசிக்கொள்ளும் நேர்ப்பாதை மூளைத்தண்டு வழியாக ஓடவே இல்லை. அது மேலே, இரண்டு அரைக்கோளங்களுக்கும் நடுவில் கிடக்கிறது. கீழே அடித்தால் மேலே தாளம் தப்புகிறது.

பாலத்துக்குள் நீல நிறத்தில் ஒரு புள்ளி உண்டு, தெரியுமா? இரண்டு பக்கமும் சேர்த்தால் சுமார் 50,000 நரம்புக் கலங்கள். மூளை முழுவதிலும் இருப்பவை ஏறத்தாழ 8,600 கோடி. இந்தச் சொற்பம் பேர்தான் மூளையின் மூலைமுடுக்கெல்லாம் நோர்அட்ரினலினைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்கள். ஒரு சத்தம் கேட்டால் திடுக்கிட்டு விழிக்கிறோமே, அந்த விழிப்பில் இந்த நீலப் புள்ளிக்குப் பெரிய பங்கு.

சிரிப்புக்கும் இங்கே ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. பாலத்தில் அடைப்பு வந்த சிலர், சிரிக்க ஒன்றும் இல்லாத இடத்தில் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அடுத்த நிமிடம் தேம்பி அழுவார்கள். "என்னத்துக்கு அழுகிறீங்க?" என்று கேட்டால் கவலை ஒன்றுமில்லை என்பார்கள். சிரிப்பு முகத்தில் மட்டும் நடக்கிறது, உள்ளே சந்தோசம் இல்லை. சாதாரண நேரத்தில் இந்தச் சிரிப்பையும் அழுகையையும் மேல்மூளை பிடித்து வைத்திருக்கிறது. பிடி விட்டால் அது தன்பாட்டில் பொங்குகிறது. பாரிசவாதம் வருவதற்குச் சற்று முன்னால் இப்படிச் சிரிப்பு வந்த ஒருவரைப் பற்றி 1903இலேயே பிரான்சில் எழுதிவைத்திருக்கிறார்கள். நடுமூளையில் அடைப்பு வந்தால் இன்னொரு காட்சி: மஃரிபு நேரமாகி இருட்டக் கண்ணுக்குள் ஆட்கள், பூனைகள், குழந்தைகள், விசித்திர உடுப்போடு மனிதர்கள்! 1922இல் லேர்மித் என்ற வைத்தியர் விபரித்த மூதாட்டிக்கு அவை பொய் என்று நன்றாகத் தெரியும், ஆனாலும் தெரிந்தன. எங்கள் ஊரில் இப்படி ஒரு மூத்தம்மா சொன்னால் பேச்சு ஜின்னில் போய் நிற்கும். ஓதிப் பார்ப்பதை நான் வேண்டாமென்று சொல்ல வரவில்லை. ஓதியபடியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

இனித்தான் பெரிய விசயம். பாலத்தின் முன்பாதி முழுவதும் இரண்டு பக்கமும் அடித்துப் போனால்? கை இல்லை, கால் இல்லை, முகம் இல்லை, நாக்கு இல்லை, விழுங்குவது இல்லை, கண்ணை இடம் வலம் திருப்புவதும் இல்லை. பார்ப்பவருக்கு அது நினைவற்ற உடம்பு. உள்ளே ஆள் முழுசாய் இருக்கிறார்! கேட்கிறார், நினைக்கிறார், பக்கத்தில் நின்று யார் என்ன பேசினாலும் விளங்கிக்கொள்கிறார். விழிப்பைத் தரும் வலைப்பின்னல் பாலத்தின் பின்பாதியில் இருப்பதால் அது தப்பிவிட்டது. மேலும் கீழும் பார்ப்பதற்கும் மேலிமையைத் தூக்குவதற்குமான நிலையங்கள் பாலத்துக்கு மேலே நடுமூளையில் இருப்பதால் அவையும் தப்பிவிட்டன. ஆக அந்த மனிதருக்கு மிஞ்சியது கண்ணின் மேல்கீழ் அசைவும் இமையும்தான். 1966இல் பிளம், போஸ்னர் என்ற இரண்டு அமெரிக்க வைத்தியர்கள் இதற்குப் 'பூட்டுண்ட நிலை' என்ற கருத்தில் பெயர் வைத்தார்கள். ஆனால் 1840களிலேயே அலெக்ஸாந்தர் டூமா, மொண்டி கிறிஸ்டோ பிரபுவின் கதையில், கண்ணால் மட்டும் பேசி உயில் எழுதவைக்கும் ஒரு கிழவரைப் படைத்துவிட்டார்! நாவலாசிரியருக்குத் தெரிந்தது மருத்துவ நூலுக்குள் ஏற நூறு வருடத்துக்கு மேல் ஆனது.

நாவலுக்கும் முன்னே ஒன்று இருக்கிறது, இது கல்முனைக்குடிக்காரருக்கும் மருதமுனைக்காரருக்கும் அதிகம் சொல்லத் தேவையில்லை. எங்களில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் நோயாளியின் தொழுகைச் சட்டத்தை நினைத்துப் பாருங்கள். நிற்க முடியாதவர் இருந்து தொழுவார். இருக்க முடியாதவர் படுத்துத் தொழுவார். தலையையும் அசைக்க முடியாதவர்? கண் இமையால் ருகூஉவுக்கும் சுஜூதுக்கும் சைகை செய்வார். அதுவும் முடியாவிட்டால் மனதால். அறிவு இருக்கும்வரை தொழுகை உண்டு. உடம்பு முழுக்க அசையாமல் போனாலும் உள்ளே அறிவு தெளிவாக இருக்கலாம், இமை மட்டும் மிஞ்சலாம் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். மத்ரஸாவில் ஒப்புவித்தபோது இது எனக்கு வெறும் பட்டியலாகத்தான் இருந்தது. மூளைத்தண்டைப் பற்றிப் படித்த பிறகு அந்த வரிசையே வேறுமாதிரித் தெரிகிறது.

சரி, உள்ளே ஆள் இருக்கிறார் என்பதை முதலில் கண்டுபிடிப்பது யார், தெரியுமா? டொக்டர் இல்லை! 2002இல் வெளியான ஓர் ஆய்வில் பூட்டுண்ட நிலையில் இருந்த 44 பேரின் கதையைத் திரட்டினார்கள். பாதிக்கு மேற்பட்டோரில், 55 சதவீதத்தில், முதலில் கவனித்தவர் குடும்பத்தவர். வைத்தியர் முதலில் கண்டது 23 சதவீதம். கண்டுபிடிக்க எடுத்த காலம் சராசரியாக இரண்டரை மாதம்! இரண்டரை மாதம் ஒரு மனிதர் தன் கட்டிலைச் சுற்றி நடக்கும் பேச்சையெல்லாம் கேட்டபடி கிடந்திருக்கிறார். எங்கள் வார்டுகளில் நோயாளியைப் பார்க்கும் நேரத்தில் என்ன நடக்கும்? மகள் காதுக்குள் குனிந்து, "வாப்பா, ஆரு வந்திரிக்கெண்டு கண்ணத் தொறந்து பாருங்க" என்பாள். மருமகன் கால்மாட்டில் நின்று, காணி உறுதி எங்கே இருக்கிறதென்று மெதுவாக விசாரிப்பார். மகளின் கேள்வியில் ஒரேயொரு மாற்றம் போதும்: "வாப்பா, விளங்கினா மேல பாருங்க." பார்த்தால், "இப்ப கீழ பாருங்க." மூன்று நாலு தரம் சரியாகச் செய்தால் உடனே டொக்டரிடம் ஓடுங்கள். மேலே பார்த்தால் ஓம், கீழே பார்த்தால் இல்லை. அந்த நிமிடத்திலிருந்து அவருடன் பேசலாம்.

பேசலாம் மட்டுமா? புத்தகமே எழுதலாம்! 1995 டிசம்பர் 8இல் எல் என்ற பிரெஞ்சு சஞ்சிகையின் ஆசிரியர் ஜான் டொமினிக் போபிக்கு 43 வயதில் மூளைத்தண்டுப் பாரிசவாதம் வந்தது. மூன்று கிழமை கழித்துக் கண்விழித்தபோது மிஞ்சியது இடக்கண் இமை மட்டும். வலக்கண் காய்ந்துவிடாமல் இருக்க அதைத் தைத்து மூடிவிட்டார்கள். வட பிரான்சின் பேர்க் என்ற கடற்கரை ஊர் ஆஸ்பத்திரியில் கிடந்தபடி, உதவியாளர் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, வேண்டிய எழுத்தில் கண்ணை மூடினார். சுமார் இரண்டு இலட்சம் தரம் இமைத்து எழுதிய புத்தகம் 1997 மார்ச்சில் வெளிவந்தது. அதே மாதம் 9ஆந் திகதி காலமானார்.

"அப்படி வாழ்வதைவிட..." என்று சிலர் இழுப்பார்கள். அதையும் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். பெல்ஜிய ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பூட்டுண்ட நிலையில் நாட்பட வாழும் 65 பேரில் 47 பேர் தாங்கள் சந்தோசமாக இருப்பதாகச் சொன்னார்கள். 18 பேர் இல்லை என்றார்கள். அந்த 18 பேரைச் சின்னதாக எடுக்கக் கூடாது. என்றாலும் வெளியே நிற்கிறவர் போடும் கணக்கும் உள்ளே இருக்கிறவர் போடும் கணக்கும் ஒன்றல்ல.

இடையில் ஒரு பாம்பு! சம்மாந்துறை வயல் பக்கத்தில் இரவில் நிலத்தில் பாய் போட்டுப் படுப்பவர்களுக்கு கட்டுவிரியனைத் தெரியும். கடி வலிக்காது, பலர் கடிபட்டதே அறியாமல் விடியும்வரை படுத்திருப்பார்கள். முதலில் இமை விழும், பிறகு பேச்சு, விழுங்கல், கடைசியில் மூச்சு. உடம்பு முழுக்க அசையாது. ஆனால் விஷம் அடைத்தது நரம்பு தசையைத் தொடும் முனையைத்தான், மூளையை இல்லை. ஆள் உள்ளே விழித்திருக்கக் கூடும், இமையைக்கூட அசைக்க முடியாமல்! செயற்கைச் சுவாசக் கருவியில் வைத்துக் காத்திருந்தால் எழும்பி நடந்து வீட்டுக்குப் போவார். அடைத்த இடம் வேறு, வெளித்தோற்றம் அதுவேதான். கண்ணை மூடிக் கிடக்கிறார் என்று யாரையும் 'முடிஞ்சிட்டு' என்று முடிவுகட்டக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

பாலம் உடைந்தும் மூளை பேசிக்கொண்டே இருக்கிறது என்பதற்கு நேரடி ஆதாரம் கிடைத்தது எப்போது, தெரியுமா? அமெரிக்காவின் கதி ஹட்சின்சனுக்கு 1996இல் மூளைத்தண்டுப் பாரிசவாதம் வந்து கைகாலும் பேச்சும் போயின. கையை ஆட்டும் மூளைப் பகுதியில் 96 மின்வாய்கள் கொண்ட, 4 மில்லிமீற்றர் அகலச் சில்லு ஒன்றை வைத்தார்கள். கையை அசைக்க நினைக்கச் சொன்னார்கள். அசைந்து பதினைந்து வருடமாகும் கைக்கான கலங்கள் அப்போதும் கட்டளை அனுப்பின! 2011 ஏப்ரலில் அந்தக் கட்டளையை ஓர் இயந்திரக் கைக்குக் கொடுத்தார்கள். அது கோப்பிப் போத்தலைத் தூக்கி அவர் வாயருகில் கொண்டுவந்தது. உறிஞ்சிக் குடித்தார். பதினைந்து வருடத்தில் தன் எண்ணத்தால் குடித்த முதல் மிடறு.

பேச்சு? பான்சோ என்று அழைக்கப்படும் ஒருவருக்கு 20 வயதில் பாரிசவாதம். 2021இல் கலிபோர்னியாவில், அவர் பேச முயலும்போது எழும் மூளைச் சைகையைக் கணினி சொல்லாக மாற்றியது; முதலில் 50 சொற்கள்தான், நிமிடத்துக்குச் சுமார் 15. அவருடைய தாய்மொழி ஸ்பானியம். ஆங்கிலம் பாரிசவாதத்துக்குப் பிறகு படித்தது. 2024இல் இரண்டு மொழியையும் ஒரே கருவி பிரித்துச் சொன்னது, இரண்டுக்கும் மூளையில் எழுந்த சைகை பெரிதும் ஒன்றாகவே இருந்தது! வீட்டில் தமிழும் அம்பாறைக் கந்தோரில் சிங்களமும் பேசும் எங்களுக்கு இது சுவையான சேதி. 2023இல் ஆன் என்ற கனடியப் பெண்: முன்னாள் ஆசிரியை, 30 வயதில் பாரிசவாதம், 18 வருட மௌனம். 253 மின்வாய்கள் கொண்ட மெல்லிய தகடு மூலம் நிமிடத்துக்கு 78 சொற்கள். திரையில் ஒரு முகம் வாயசைத்தது, ஒலித்ததோ அவருடைய பழைய குரல்! கல்யாண வீடியோவிலிருந்து அந்தக் குரலை எடுத்திருந்தார்கள். உங்கள் வீட்டுக் கல்யாணக் கசற்றுகளைப் பத்திரமாக வையுங்கள்.

இதெல்லாம் வந்த பிறகு. வரும்போது எப்படிப் பிடிப்பது? வாய் கோணுதா, கை விழுதா, பேச்சுக் குழறுதா என்ற மூன்று கேள்விக்கும் 'இல்லை' என்று பதில் வந்தாலும் மூளைத்தண்டில் அடைப்பு இருக்கலாம். திடீரென்று தாங்க முடியாத தலைச்சுற்று, நிற்க வைத்தால் ஒரு பக்கம் சரிவது, பார்ப்பதெல்லாம் இரண்டாய்த் தெரிவது, விழுங்க முடியாமை: பிரசரும் சீனியும் உள்ளவருக்கு இவை வந்தால் பித்தம் என்று இருக்க வேண்டாம். வாயில் தண்ணி விடவும் வேண்டாம், ஸம்ஸம் என்றாலும். அது நுரையீரலுக்குள் போகும். சி.ரி. ஸ்கான் மூளைத்தண்டைத் தெளிவாகக் காட்டாது, சுற்றியுள்ள எலும்பு மறைக்கும். முதல் இரண்டு நாளுக்குள் எடுத்தால் எம்.ஆர்.ஐ.கூடச் சிலவேளை தவறவிடும். ஆனால் 2009இல் வந்த ஓர் ஆய்வின்படி, பழகிய வைத்தியர் கட்டிலருகில் நின்று தலையைத் திருப்பிக் கண்ணசைவைப் பார்க்கும் மூன்று சோதனைகள் அந்த ஆரம்ப எம்.ஆர்.ஐ.யையே வென்றுவிட்டன!

இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணித்தியாலம்தான் அவகாசம். பேசிலார் நாடிக் கட்டியைக் கம்பி விட்டு இழுத்தெடுக்கும் முறையில், உரிய நோயாளிகளுக்கு 24 மணித்தியாலம் வரையும் பயன் உண்டு என்று 2022இல் வெளியான, சீனாவில் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டின. கல்முனையில் இரண்டு பெரிய ஆஸ்பத்திரிகள், 40 கிலோமீற்றர் அளவில் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை. 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். முச்சக்கரவண்டி தேடி நிற்காதீர்கள்.

சலூனையும் சொல்லிவிடுகிறேன். சாய்ந்தமருதிலிருந்து அக்கரைப்பற்று வரை முடிவெட்டி, தாடி ஒதுக்கி, கடைசியில் தலையை இரண்டு கையாலும் பிடித்து 'டக்' என்று நெட்டி முறிப்பார்களே, அந்தச் சுகத்துக்கு ஒரு விலை உண்டு. கழுத்தெலும்புக்குள்ளால் ஏறும் நாடியின் உட்சுவர் கிழியலாம், அங்கே கட்டி உறைந்து மூளைத்தண்டுக்குப் போகலாம். தலை கழுவக் கழுத்தைப் பின்னால் சாய்த்தே ஐந்து பெண்களுக்கு இப்படி வந்ததை 1993இல் ஓர் அமெரிக்க வைத்தியர் எழுதினார். 2022இல் ஹைதராபாத்திலும் ஒருவருக்கு நடந்தது. அரிதுதான். ஆனாலும் "கழுத்து வேணாம் காக்கா" என்று சொல்ல ஒரு நொடி போதும்.

கடைசியாக, இமையால் தமிழ் எழுதுவது எப்படி? போபிக்கு 26 எழுத்துகள். அதிகம் பயன்படுபவை முன்னால் வரும்படி வரிசையை மாற்றி வைத்தார்கள். எங்களுக்கு 247! ஒவ்வொன்றாய்ச் சொன்னால் ஒரு சொல் முடிய விடிந்துவிடும். ஆனால் ஐந்தாம் ஆண்டில் படித்த இலக்கணமே வழிவிடுகிறது. முதலில் கூட்டத்தைச் சொல்லுங்கள்: உயிர், வல்லினம், மெல்லினம், இடையினம். அவர் இமைத்தது மெய்க் கூட்டமென்றால் அதற்குள் ஆறு எழுத்துகள். பிறகு புள்ளியா, குறிலா, நெடிலா; உயிர்க் கூட்டமென்றால் நேரே குறிலா, நெடிலா. பிறகு உயிர். எந்த எழுத்துக்கும் இருபது அழைப்புக்கு மேல் போகாது. 'தண்ணி' எழுதிப் பார்த்தேன்: தகரத்துக்கு 9, புள்ளி வைத்த ணகரத்துக்கு 7, ணிக்கு 10, மொத்தம் 26. எங்கள் பெயர்களை எழுத ஜ, ஷ, ஸ, ஹ வேண்டுமே? அவற்றை ஐந்தாவது கூட்டமாகச் சேர்த்தால் போதும், கணக்கு இருபதைத் தாண்டாது. 'உம்மா'வுக்கும் சரியாக 26தான் வருகிறது. 'வாப்பா'வுக்கு 31! வகரம் இடையினத்தில், அதிலும் நாலாவதாய் நிற்பதால் வந்த வினை. வாப்பாவை அடிக்கடி கூப்பிடும் வீடு என்றால் இடையினத்தை முதலில் சொல்லுங்கள், 30க்கு இறங்கும். தண்ணிக்கு மூன்று கூடும்.